கேட்டது ஒரு வார்த்தை

உக்காருங்க ஐயரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. காப்பி குடிப்பீங்கல்லா? குடிக்கணும். இங்க வந்துட்டு வெறும் வாயோட போனீங்கன்னா அதையும் நாளைக்கு ஒரு பேச்சாப் பேசுவாளுவ.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தயங்க வேண்டாம். சபைக் கமிட்டியில பேசியிருப்பாவ. “பெரிய வெள்ளிக்கிழமை நடந்தது சரியில்ல. போதகர் ஐயர் நேராப் போய்ச் சொன்னா அந்தம்மா கடிச்சுத் துப்பிரும். ஐயரம்மாவை அனுப்புவோம். சின்னப் பொண்ணு, கோயம்புத்தூர்ப் பக்கம், பைய எடுத்துச் சொல்லும்”னு. என்ன சொல்லச் சொன்னாவன்னும் தெரியும். “சார் உடம்புக்கு முடியாதவங்க. சிரமப்பட்டுக் கோயிலுக்கு எதுக்கு வரணும்? நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து தாறோம்.” அதானே? பாத்தீங்களா, தலையைக் குனியுதீங்க.

குனியாதீங்க. அவுக உள்ள தூங்குதாவ. முழிக்கதுக்குள்ள நான் சொல்லிருதேன். நீங்க இந்த ஊருக்கு வந்து ரெண்டு மூணு மாசம்தான் ஆவுது. சபைப் பொம்பளைங்க வாயால கேட்டதை வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. என் வாயாலயும் ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. இந்த எழவு ஃபேன் வேற, சுத்துதா நிக்குதான்னு தெரியல. இருங்க, சன்னலைத் திறக்கேன்.

எங்க வீட்டுக்காரவுகளை நீங்க பாத்தது கிடையாது. நீங்க பாத்தது சக்கர நாற்காலியில சரிஞ்சு கிடந்த ஆளை. இந்த ஊர் போஸ்ட் ஆபீஸ்ல சப் போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனாவ. சற்குணம்னு பேரு. பேரு வச்சவன் தெரிஞ்சுதான் வச்சிருக்கான். கவுண்டருக்கு முன்னால நின்னு எவனாவது கத்துனாக்கூட, “அண்ணாச்சி, செத்த உக்காருங்க, பாத்துச் சொல்லுதேன்”னுதான் சொல்லுவாவ. வீட்டுலயும் அப்படித்தான். குழம்புல உப்பு கூடிப்போனா ஒண்ணும் சொல்லாம தண்ணியை எடுத்துக் குடிப்பாவ. கோவம் வந்தா வெளிய போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துவாவ. எனக்கு அதைப் பாத்தாலே எரிச்சல் வரும். “வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை திட்டுனா என்ன, எழவு, சுவத்தோட குடும்பம் நடத்துத மாதிரில்லா இருக்கு”ன்னு நான்தான் கத்துவேன். சிரிச்சுக்கிட்டே ஊத்துவாவ.

பாட்டுக்குத்தான் அந்த வாய் நல்லாத் திறக்கும். பாடகர் குழுவுல கீழ்க்குரல் அவுகதான். மேல பாடுதவங்க என்ன கூப்பாடு போட்டாலும் அடியில இந்தக் குரல் தரை மாதிரி இருக்கும். இப்ப அந்த இடத்துல ஜாய்ஸ் டீச்சர் மவன் நிக்கான். கேட்டிருப்பீங்களே. ஆட்டுக்குட்டி.

நானும் லேசுப்பட்ட ஆள் இல்ல, ஐயரம்மா. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இத்தனை வருஷமா நான்தான் செயலாளர். இப்ப இல்ல, எடுத்துட்டாளுவ, அதைப் பொறவு சொல்லுதேன். எந்த வீட்டுல சாவு, எந்த வீட்டுல சீக்கு, முதல் ஆளா நான் நிப்பேன். ஆறுதல் சொல்லுததுல என்னைய மிஞ்ச இந்தச் சபையில ஆளு கிடையாது. கையைப் பிடிச்சுக்கிட்டு, “ஆண்டவருக்கு உன்மேல ரொம்பப் பிரியம், அதான் சோதிக்காரு, அழாத”ன்னு சொன்னேன்னா, அப்படியே அழுகையை நிறுத்திட்டு என்னையப் பாப்பாளுவ. ஒரு வார்த்தை பேச மாட்டாளுவ. அப்படி ஒரு கிருபை எனக்கு.

போன அசனம் முடிஞ்ச மறுநாள்தான் அவுகளுக்கு இந்தச் சீக்கு வந்தது. அசனம் உங்க பக்கம் உண்டோ என்னவோ, சபை மொத்தமும் சேந்து உக்காந்து சாப்பிடுத விருந்து. பந்தியில நின்னு பரிமாறிட்டு வந்த மனுசன். காலையில கொல்லையில கண்ணாடியைத் தொங்க விட்டுக்கிட்டுச் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாவ. நான் அடுப்படியில நிக்கேன். டமார்னு ஒரு சத்தம். கண்ணாடி போச்சுன்னு எனக்கு ஆத்திரம். “என்ன எழவை உடைச்சு வச்சிருக்கீங்க”ன்னு கத்திக்கிட்டே போறேன், அவுக கீழ கிடக்காவ. பாதி முகத்துல சோப்பு நுரை. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. என்னையே பாக்காவ. என்னமோ சொல்லணும்னு பாக்காவ. வரல.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். மூளையில இரத்தம் அடைச்சிருச்சுன்னாவ. வலது கை, வலது கால், பேச்சு. உசுரு நின்னுட்டு.

அங்க கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல முழங்கால் போட்டேன். நர்ஸ் பொண்ணு, “நகருங்கம்மா, பாட்டில் மாத்தணும்”னு ஏசுதா. நான் எந்திரிக்கல. நான் ரொம்பவா கேட்டேன்? கையைக் கேக்கல. காலைக் கேக்கல. “ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் திருப்பிக் கொடும். ‘அன்னம்’னு என் பேரைச் சொல்லட்டும். இல்லாட்டா ‘தண்ணி’ன்னு சொல்லட்டும். இல்லாட்டா உம்ம பேரையே சொல்லட்டும், உமக்குத்தானே பெருமை”ன்னு கேட்டேன். அதே கேள்வி. ராவும் பகலும்.

கேட்டாரு உங்க ஆண்டவரு. காது நல்லாத்தான் கேக்குது அவருக்கு.

ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கேன். பாதி வாயில போவுது, பாதி தாடையில வழியுது. துடைச்சு விடுதேன். அவுக கண்ணை முழிச்சு என்னையப் பாத்து, நல்லாத் தெளிவா, பழைய குரல்ல, அந்தக் கீழ்க்குரல்ல, “எழவு”ன்னாவ.

நான் பக்கத்துக் கட்டில்காரன் சொல்லுதானோன்னு திரும்பிப் பாக்கேன். மறுபடியும், “எழவு.” கண்ணுல சந்தோஷம் வேற. பேச்சு வந்துட்டுன்னு.

அவ்வளவுதான், ஐயரம்மா. அதுக்குப் பொறவு வேற வார்த்தை வரல. பசிச்சா எழவு. வலிச்சா எழவு. டாக்டர் வந்தா ஒத்தக் கையால கும்பிட்டு, எழவு. ஒரு வார்த்தை கேட்டேன், ஒரு வார்த்தைதான் கொடுத்தாரு. எம்புட்டுக் கறாரு பாருங்க! இல்லைன்னுட்டா நான் ஆறுதல் பட்டிருப்பேன். இப்படிக் கொடுத்தா என்ன அர்த்தம்? பிச்சை கேட்டவ தட்டுல செல்லாக் காசைப் போடுத புத்தி.

அந்த ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் பொண்ணு. சின்னப் பொண்ணு, பொட்டு வச்சிருக்கும். அது சொல்லுது, “அம்மா, அவங்க திட்டலம்மா. பேச்சு போனாலும், ரொம்பப் பழகின வார்த்தை ஒண்ணு ரெண்டு சில பேருக்கு எப்படியோ தங்கிடும். அவங்க மனசுல இருக்குறது வேற, வாயில வர்றது அதுதான்”னு. பழகின வார்த்தையா? இவுகளுக்கா? வாழ்நாள்ல ஒரு கெட்ட வார்த்தை வாயில எடுக்காத மனுசனுக்கு அது எப்படிப் பழகும்? அந்தப் பொண்ணு என்ன எழவைப் படிச்சு பாஸ் பண்ணுச்சோன்னு நினைச்சுக்கிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்தாளுவ.

குடிங்க, ஆறிரும்.

முதல்ல ஜாய்ஸ் டீச்சர். அவ பின்னால கமலம், அவ பின்னால ஒரு பட்டாளம். கட்டிலைச் சுத்தி நிக்காளுவ, அருங்காட்சியகம் பாக்க வந்தவளுவ மாதிரி. ஜாய்ஸ் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு, “அக்கா, ஆண்டவருக்கு உங்கமேல ரொம்பப் பிரியம். அதான் சோதிக்காரு. அழாதீங்க”ங்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் அழவே இல்ல! இவளுக்கு என்ன தெரியும்? இவ வீட்டுல ஒரு தலைவலி வந்திருக்கா? பிரியமாம். அந்தப் பிரியத்தை அவ வீட்டுக்கு அனுப்பச் சொல்லணும். ஒருத்தி வீட்டுல இடி விழுந்து கிடக்கும்போது வந்து நின்னு இப்படிப் பேசுததுக்கு எப்படித்தான் வாய் வருதோ. நான் போறது வேற, நான் ஆறுதல் சொல்லப் போவேன். இவளுவ வேடிக்கை பாக்க வந்தவளுவ.

ஜெபம் ஆரம்பிச்சா. நீளம்னா நீளம். ஊர்ல உள்ள பாவத்தை எல்லாம் சொல்லி முடிச்சு, “இந்த வீட்டுல அறிக்கை பண்ணாத மறைவான பாவம் ஏதாவது இருந்தா”ங்கா. என் வீட்டுல வந்து! நான் கண்ணைத் திறந்து பாத்தேன். அவுகளும் கண்ணைத் திறந்துதான் கிடக்காவ. அவ மூச்சு வாங்க நிறுத்துன நேரம், அவுக நல்லாத் தெளிவா, “எழவு.”

அத்தனை கண்ணும் திறந்துட்டு. கமலம் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு வாசலைப் பாத்து நடக்கா. செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டாளுவ. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்னுது. அதே நேரம், ஐயரம்மா, உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, சிரிப்பும் வந்துச்சு.

பொறவு அவளுவளே ஒரு முடிவுக்கு வந்துட்டாளுவ. இது சற்குணம் சார் பேச்சு இல்ல, உள்ள இருந்து வேற ஒண்ணு பேசுதுன்னு. என்னையக் கேக்காமலே வெளியூர்ல இருந்து ஒரு பிரதரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாளுவ. விடுதலை ஜெபம் பண்ணுத ஆளாம். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கையில எண்ணெய்க் குப்பி. சின்ன ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு மைதானத்துல பேசுத மாதிரிக் கத்துதான். அவுக தலையில கையை வச்சு அமுக்குதான். “வெளிய போ! உன் பேரைச் சொல்லு! வெளிய போ!” அவுகளுக்கு ஒண்ணும் விளங்கல. இந்த வீட்டுல அவுகளை யாரு வெளிய போகச் சொல்லுதான்னு என்னையப் பாக்காவ. “எழவு, எழவு, எழவு”ன்னு கெஞ்சுதாவ. ஆமா, கெஞ்சுதாவ. விடச்சொல்லிக் கெஞ்சுதது எனக்கே தெரியுது, அந்த மடப்பயலுக்குத் தெரியல. “பாத்தீங்களா, பேசுது!”ங்கான். அவுக கண்ணுல இருந்து தண்ணி காதுக்குள்ள ஓடுது.

நான் அந்தக் குப்பியைப் பிடுங்கி முத்தத்துல எறிஞ்சேன். “வெளிய போகவேண்டியது நீதான்”னேன். ஜாய்ஸ், “அக்கா, விசுவாசம் இல்லாமப் பேசாதீங்க”ங்கா. எனக்கா விசுவாசம் இல்ல? என் வீட்டுல நின்னுக்கிட்டு எனக்கே! போன்னேன். எல்லாரும் போங்கன்னேன். அடுத்த வாரம் சங்கத்துல கூட்டம் போட்டு என்னையச் செயலாளர்ல இருந்து எடுத்துட்டாளுவ. “அக்காவுக்கு இப்ப ஓய்வு தேவை”ன்னு தீர்மானமாம். இப்ப ஜாய்ஸ்தான் செயலாளர். வீடு வீடாப் போய்ப் பிரியத்தைப் பத்திப் பேசிக்கிட்டு அலையுதா.

அந்தப் பிரதரை விரட்டுன அன்னைக்கு ராத்திரி ஜெபத்துக்கு நான் முழங்கால் போடல. அவுக கட்டில் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். கண்ணையும் மூடல. கண்ணை மூடுனா அவருக்கு வசதி. திறந்து வச்சுக்கிட்டே கேட்டேன். “பேச்சை எடுத்தீரு. சரி, கொண்டு போம். பாட்டை எடுத்தீரு. உமக்குத்தான் பாடிக்கிட்டு இருந்தாவ, உமக்கே வேண்டாம்னா எனக்கென்ன? அந்த ஒத்த வார்த்தையை மட்டும் எதுக்கு ஓய் விட்டுட்டுப் போனீரு? எடுக்கும்போது சிந்திப்போச்சா? குனிஞ்சு பொறுக்கச் சோம்பேறித்தனமா? இத்தனை நல்ல வார்த்தை இருந்த வாயில, எங்க இருந்து இதைக் கொண்டுவந்து வச்சீரு?”

பதில் இல்ல. என்னைக்கு இருந்திருக்கு?

ஆனா ஒரு நாள்கூட ஜெபத்தை நிறுத்தல, ஐயரம்மா. அதை அவளுவகிட்ட சொல்லுங்க. நிறுத்திட்டா அவரு ஜெயிச்சவர்லா ஆயிருவாரு. விளக்கு வைக்க நேரம் ஆச்சுன்னா நாற்காலியைப் போடுவேன். கேப்பேன். சில நாள் ஏசுவேன். சில நாள் சும்மா முறைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். முடிச்சதும் அவுக தலையை ஆட்டி, “எழவு”ம்பாவ. ஆமென் மாதிரி. விளக்கை அணைச்சிட்டுப் படுப்போம்.

எங்க மவ ஜெனிட்டா பெங்களூர்ல இருக்கா. போன்ல முகம் பாத்துப் பேசுவால்லா, அவ அப்பா அவளையப் பாத்து அந்த வார்த்தையைச் சொன்னதும் முதல்ல சிரிச்சா. பொறவு தேம்பித் தேம்பி அழுதா. “அழாதட்டி, அப்பாவுக்கு இப்படி ஆயிட்டு”ன்னேன். அவ, “அம்மா, அது அப்பா வார்த்தை இல்லம்மா”ங்கா. “பின்ன யாரு வார்த்தை?”ன்னேன். என்னையே பாக்கா. “நீயே யோசிச்சுப் பாரும்மா”ங்கா. யோசிக்க என்ன இருக்கு? அந்த வெள்ளைச் சட்டைக்காரன் சொன்னதையே இவளும் சொல்லுதா, அப்பாவுக்குள்ள வேற யாரோ இருந்து பேசுதாங்கன்னு. படிச்ச புள்ள இப்படிப் பேசுனா, எழவு, எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிட? போனை வச்சிட்டேன்.

என்ன ஐயரம்மா, புரைக்கேறிட்டா? தலையைத் தட்டுங்க. பைய குடிங்க.

அப்பதான் ஜெபராணி வர ஆரம்பிச்சா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கோயில்ல கடைசி பெஞ்சுல, தூண் பக்கத்துல ஒருத்தி உக்காந்திருப்பா, பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டா. அவதான். ஒத்தப் பையன் ஆல்வின், பைக்குல போய் லாரியில மோதிச் செத்துப்போனான். அதுல இருந்து பாடுதது கிடையாது, சங்கத்துக்கு வாறது கிடையாது. ஆனா ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்துருவா. நானே எத்தனையோ தடவை கண்டிச்சிருக்கேன். “பாடாம உக்காந்திருக்கதுக்கு எதுக்குட்டி வாற? ஆண்டவரை முறைச்சுக்கிட்டு உக்காந்தா அது ஆராதனையா?”ன்னு. வாயே திறக்க மாட்டா. அழுத்தக்காரி.

அவ ஒரு நாள் காலையில வந்தா. ஒரு தோத்திரம் கிடையாது, ஒரு வசனம் கிடையாது. அடுப்படிக்குப் போய்க் கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவுனா. அவுக தாடியைப் பாத்தா. “சாருக்கு மழிச்சு விடட்டுமா அக்கா?”ன்னா. கண்ணாடி உடைஞ்ச நாள்ல இருந்து நான் அந்த ரேசரைத் தொடல. அவ நுரை போட்டு, கன்னத்தை இழுத்துப் பிடிச்சு, மழிச்சு விட்டா. அவுக “எழவு”ன்னாவ. “ஆமா சார்”னா. அவ்வளவுதான் பேச்சு. போயிட்டா. மறுநாளும் வந்தா. ஒரு ஜெபம் பண்ணத் தெரியாது, ஒரு ஆறுதல் சொல்லத் தெரியாது, இவளும் ஒரு சபைக்காரியான்னுதான் நான் நினைச்சேன். ஆனா வேலைக்கு ஒத்தாசையா இருந்துச்சு, வரட்டும்னு விட்டுட்டேன்.

ஒரு நாள் அவகிட்ட ஜாய்ஸ் சொன்னதைச் சொல்லிக் கொதிச்சுக்கிட்டு இருந்தேன். “பிரியமாம்! சோதிக்காராம்! கேட்டியா கதையை?”ன்னு. அவ துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, “நீங்க எனக்கும் அதைத்தானக்கா சொன்னீங்க”ங்கா. “எப்ப?”ன்னேன். “ஆல்வினைப் பெட்டியில வச்சிருக்கும்போது. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க. எனக்கு உங்களை அருவாமணையை எடுத்து வெட்டணும் போல இருந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்படி இருந்துச்சு”ன்னா. கோவமாக்கூடச் சொல்லல. துணியை உதறிக் கொடியில போட்டுட்டா.

பாருங்க ஐயரம்மா, எப்படிப்பட்ட பேச்சு! நான் துக்கத்துல கிடக்கேன், என்கிட்ட வந்து சொல்லுத பேச்சா இது? நான் ஓடிப்போய் அவளுக்கு ஆறுதல் சொன்னதுக்கு இது கூலி. நாகரிகம் தெரியாதவ. ரெண்டு நாள் அவகூட நான் பேசல. அவ பாட்டுக்கு வந்து மழிச்சு விட்டுட்டுப் போறா.

மூணாம் நாள் நானே கேட்டேன். “பாட மாட்ட, ஜெபிக்க மாட்ட, பின்ன கோயிலுக்கு எதுக்குட்டி வாற?”ன்னு. “கேக்கத்தான் வாறேன்”னா. “என்ன கேக்க?” “எம்புள்ளையை ஏன் எடுத்தீருன்னு.” “பதில் சொல்லுதாரா?” “இல்ல.” “பொறவு?” “வேற யாருகிட்ட கேக்க அக்கா? லாரிக்காரன்கிட்டயா?”ன்னுட்டு, அவுக தலைக்குத் தலையணையைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கா.

நான் கேக்கதும் அவ கேக்கதும் ஒண்ணா? நான் உரிமையோட கேக்கேன். ஆனா அன்னைக்கு அவளுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இப்ப பெரிய வெள்ளிக்கு வாறேன். அதுவரைக்கும் அவுகளை நான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகல. படி ஏத்த முடியாதுன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். படிக்கு என்ன, நாலு பேரு பிடிச்சா ஏத்திரலாம். அன்னைக்குக் காலையில மணிச்சத்தம் கேட்டுச்சு. நான் வெள்ளைச் சேலையை எடுத்து வைக்கேன். அவுக இடது கையை நீட்டி அலமாரியைக் காட்டுதாவ. “என்ன வேணும்?”ங்கேன். “எழவு”ன்னு மறுபடியும் காட்டுதாவ. வெள்ளை வேட்டி. எனக்குப் புரிஞ்சுட்டு. புரியாத மாதிரி, “தண்ணியா?”ன்னேன். அப்ப என்னைய ஒரு பார்வை பாத்தாவ. கத்தல, கோவப்படல. செடிக்குத் தண்ணி ஊத்தப் போவும்போது பாப்பாவளே, அந்தப் பார்வை. ஆனா எந்திரிச்சுப் போக முடியலையே.

ஜெபராணியை வரச்சொன்னேன். ரெண்டு பேருமா வேட்டி கட்டிவிட்டு, ஆட்டோவுல ஏத்தி, சக்கர நாற்காலியை மடிச்சுப் பின்னால கட்டிக்கிட்டுப் போனோம். நாலு பேரு வந்து படி ஏத்துனாவ. பக்கவாட்டுல, அவுக பாடுத இடத்துக்கு நேரா நிறுத்துனோம். எல்லாரும் பாக்காவ. நான் எல்லாரையும் பாத்தேன். திருப்பிக்கிட்டாவ.

உங்க வீட்டு ஐயர்தான் மும்மணி தியானம் பண்ணுனாரு. நீங்களும் இருந்தீங்க. கோவிச்சுக்கப்படாது. சிலுவையில தொங்குதவரு தன் தகப்பனைப் பாத்து ஏன் என்னையக் கைவிட்டீருன்னு கேக்க இடம் வருதுல்லா, அதுக்கு உங்க ஐயர் என்ன சொன்னாரு? “அது சந்தேகத்துல கேட்ட கேள்வி இல்ல பிரியமானவர்களே, நமக்குப் பாடம் கத்துக்கொடுக்கக் கேட்டது”ன்னாரு. ஆணி அடிச்சு வெயில்ல தொங்கவிட்ட ஆளு பாடமா நடத்துவாரு? வலிச்சுது, கேட்டாரு. கேட்டது அவரு, இவரு யாரு அதைப் பூசி மெழுக? எனக்கு எந்திரிச்சுக் கேட்டிரலாமான்னு இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கடைசியில சிலுவையில அவரு உசுரு போற இடம். வாசிச்சு முடிச்சாரு ஐயர். மணி அடிச்சு ஓஞ்சுது. எல்லாரும் முழங்கால்ல. அந்த அமைதி இருக்கே, வெளிய காக்கா கத்துதது கேக்குது. அப்ப அவுக குரல் வந்துச்சு. கத்தலா அது? நீங்களே சொல்லுங்க, கத்தலா? கீழ்க்குரல்ல, அடியில இருந்து, பாட்டுல இழுக்க மாதிரி இழுத்து, “எழவு.”

கோயில் பூரா எதிரொலிச்சுது.

ஜாய்ஸ் திரும்பிப் பாக்கா. கமலம் காதைப் பொத்துதா. முன்னால ஒரு பெரிய மனுசன் “ச்சீ”ங்காரு. நான் அவுக முகத்தைப் பாத்தேன். சிலுவையைப் பாத்துக்கிட்டு இருக்காவ, கண்ணுல இருந்து கொட்டுது. எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. நான் எந்திரிச்சு நின்னேன். அத்தனை பேரும் முழங்கால்ல இருக்காவ, நான் ஒருத்தி நிக்கேன். சத்தமா, “ஆமென்”னேன்.

பின்னால தூண் பக்கத்துல இருந்து இன்னொரு ஆமென் வந்துச்சு. யாருன்னு உங்களுக்குத் தெரியும்.

பொறவு வெளிய வாசல்ல அந்தப் பெரிய மனுசன் என்கிட்ட வந்து, “பரிசுத்தமான நாள்ல கெட்ட வார்த்தை கேக்க வச்சிட்டியே அம்மா”ங்காரு. “அண்ணாச்சி, அன்னைக்கு அந்த மலையில நடந்தது என்ன, கல்யாணமா? ஒரு தாய் பெத்த புள்ள செத்துக்கிட்டு இருக்கு. அது எழவு இல்லாம என்ன? நீங்க எல்லாரும் வெள்ளையும் சள்ளையுமா வந்து உக்காந்திருந்தீங்க. பாத்ததைச் சொன்னது ஒருத்தருதான்”னேன். நேராக் கமிட்டிக்காரவுககிட்ட போயிட்டாரு. அதான் இப்ப கமிட்டி, அதான் நீங்க.

கேளுங்க. நான் ஆண்டவரோட ராசியாயிட்டேன்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க. ராசி எல்லாம் கிடையாது. நேத்தும் நாற்காலியைப் போட்டு உக்காந்து கேட்டேன். அந்த வார்த்தையை ஏன் விட்டீருன்னு இன்னும் சொல்லல. நானும் விடப்போறது இல்ல. ஆனா வீட்டுக்குள்ள இருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. அவரு வீட்டுக்குப் போய், அவரு முகத்துக்கு நேரா நின்னு கேக்கணும். அதுக்கு நாங்க ரெண்டு பேரும் வரணும். நற்கருணையைக் கொண்டுவந்து தாறோம்னு சொன்னதுக்கு நன்றின்னு சொல்லுங்க. வாங்கிக்க நாங்களே வந்துருவோம். வாற ஞாயிறு வாறோம். அடுத்த ஞாயிறும் வாறோம். காதைப் பொத்துதவ பொத்திக்கிடட்டும்.

இந்தா, முழிச்சுட்டாவ. கேட்டுச்சா? இது தண்ணிக்கு இல்ல. தண்ணிக்குன்னா நீட்டிச் சொல்லுவாவ. வலிக்குன்னா வெட்டிச் சொல்லுவாவ. இப்படிப் பைய சொன்னாவன்னா என்னையக் கூப்பிடுதாவன்னு அர்த்தம். வந்துட்டேன், வந்துட்டேன்! யாரு வந்திருக்கான்னு பாருங்க, ஐயரம்மா வந்திருக்கு.

வாங்க ஐயரம்மா, உள்ள வாங்க. பயப்படாதீங்க, கடிக்க மாட்டாவ. சிரிக்காவ பாருங்க, உங்களைப் பாத்து. கீழ சரிஞ்சுட்டாவ, மேல தூக்கி உக்கார வைக்கணும். ஒத்தையில தூக்க எனக்கு இடுப்பு தாங்காது. நீங்க அந்தப் பக்கம் வாங்க. அவுக அக்குளுக்குள்ள கையைக் கொடுங்க. இன்னும் உள்ள. ஆங், அப்படித்தான்.

என்ன, கண்ணை மூடுதீங்க? ஜெபம் பொறவு பண்ணலாம். முதல்ல தூக்குங்க.